கையடக்கம்

ஹட்டனில் நான் வேலை செய்கிற கடையில்
பதினொரு மாதம் கிடந்தது
திரை நொறுங்கிய ஒரு விளையாட்டுக் கருவி.
துண்டில் பெயர் ரொஷாந்தன், ஊர் பத்தனை,
முற்பணம் ஆயிரத்து ஐந்நூறு.
புதுத் திரை கொழும்பிலிருந்து வர வேண்டும்,
விலை என் இரண்டு மாதச் சம்பளம்.
அழைத்தால்
இந்த எண் பாவனையில் இல்லை என்று
மூன்று பாஷையில் ஒருத்தி சொன்னாள்.

பாக்கியில் கழித்துக்கொள் என்றார் முதலாளி.

இரண்டு கைக்குள் அடங்க வேண்டியது.
கட்டைவிரல்களுக்கு இரண்டு குமிழ்,
சுட்டுவிரல்களுக்கு இரண்டு விசை,
உள்ளே ஒரு முழுக் கணினி.
முகம்தான் இல்லை.
முகத்தை நாங்கள் தவணையில் வாங்கி வைத்திருந்தோம்:
முப்பத்திரண்டு அங்குலம்,
இன்னும் ஏழு மாதம் கட்ட இருக்கிறது.
நடுவில் ஒரு கேபிள்.
சம்பந்தம் முடிந்தது.

டிக்கோயாவில், லயத்துக் காம்பிராவில்,
பிஸ்கட் டின்னின் மேல்
காற்றுப் போக இரண்டு பென்சில் முட்டுக் கொடுத்து
உட்கார்த்தி வைத்திருக்கிறோம்.
சூடேறினால் இரையும்.
ஏத்தம் ஏறுதாக்கும் என்பாள் பிரியலதா.
இடது குமிழ் தேய்ந்தது;
தொடாவிட்டாலும் அம்புக்குறி
மெல்ல மெல்ல இடப்பக்கம் போகும்.
எங்கள் தரையில் பந்தை வைத்தாலும் அப்படித்தான்,
அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுடுகிற விசையால் பாட்டை நிறுத்துகிறோம்.
குதிக்கிற பொத்தானால் விளம்பரத்தைத் தாண்டுகிறோம்.
ஞாயிறு காலை பக்கத்துக் காம்பிரா அந்தோனியம்மா
பூசை பார்க்க வருவார்;
சாமியாரைக் கையுயர்த்திய வாக்கில் நிறுத்திவிட்டுத்
தேத்தண்ணி குடித்து முடிப்பார்.
டிலுக்‌ஷனுக்கு ஆறு வயது.
அதில் விளையாடவும் முடியும் என்பதை
இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. மழை.
படம் பாதியில், கதாநாயகியின் நெற்றிக்கு மேல்
ஒரு சின்னப் பெட்டி எழும்பியது.
டேய் ரொஷா
இருக்கியா

பழைய கணக்கை நான் அழிக்கவில்லை.
சோம்பல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.
கொரியாவோ, ருமேனியாவோ, அதைவிடத் தூரமோ,
அவன் போன இடம் எனக்குத் தெரியாது.
ஆனால் நாங்கள் படம் பார்த்த இரவெல்லாம்
யாரோ ஒருவனுடைய பட்டியலில்
ரொஷாந்தன் பச்சையாக எரிந்திருக்கிறான்.

டிலுக்‌ஷன் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தான்.
பதில் சொல்லுங்க, என்றாள் பிரியலதா.

குமிழால் எழுத்துகளைத் தேடித் தேடிக் கொத்தினேன்.
ஒன்றைப் பிடித்தால் அதற்கு இடப்பக்கத்தது விழுந்தது.
அவர் இல்ல. இது வேற ஆள்.
குடும்பமா டீவியில படம் பாக்கிறோம்.
அதற்கே பத்து நிமிடம்.

மூன்று புள்ளி துடித்தது. நின்றது.
நெடுநேரம் நின்றது.
திரும்பத் துடித்தது.

என்ன படம்?

அப்போதுதான் கரண்டு போனது.

டீவி போனது. ரவுட்டரின் விளக்கு போனது.
கதாநாயகன் மட்டும்
விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டு போனான்.
கருவிக்குச் சொந்தமாக ஒரு பெட்டரி உண்டு,
சொந்தமாக ஒரு குரல் உண்டு.
தொழில்காரன் நான், மறந்திருந்தேன்.
நொறுங்கிய திரையில் ஒரு மூலை உயிர்த்தது,
தீப்பெட்டி அகலம், நீலம்.
அதற்குள் யாருடையதோ ஒரு காது.

கேபிளைப் பிடுங்கிவிட்டு
வீட்டுக்கு வந்தபின் முதல் தடவையாக
இரண்டு கையாலும் எடுத்தேன்.
கல்லிலிருந்து இறக்கிய ரொட்டிச் சூடு.
டிலுக்‌ஷன் அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தான்.

சத்தத்தக் கூட்டுங்க, என்றாள் இருட்டிலிருந்து.
கூட்டினேன்.
எங்கள் நடுச்சுவர் கூரைவரை எட்டாது.
யாரோ வழுக்கி விழுகிற சத்தம் வந்தது,
பாத்திரங்கள் உருண்டன,
என்ன நடந்தது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க
சுவருக்கு அந்தப் பக்கம்
அந்தோனியம்மா சிரித்தார்.