பிரேக்

எர்லாங்கனில் எல்லோரும் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.
நான் தள்ளிக்கொண்டு போகிறேன்.
பிரேக்கை அழுத்தும் அளவுக்கு விரல் மடங்க
காலை பத்தரை ஆகிவிடும்.

அல்ட்ராசவுண்ட் திரையில்
சுட்டுவிரல் கணுவைச் சுற்றிச் செம்பொறிகள்.
"புது ரத்தக் குழாய்கள், ஃப்ராவ் பகீரதி" என்றார் லிண்ட்னர்,
பிள்ளைப்பேறு சொல்வது போல.

நான் விடவில்லை.
ரத்தப் பரிசோதனைத் தாளின் பின்புறம் வரைந்து காட்டினார்:
ஒவ்வொரு செல்லிலும் ஒரு புரதம்;
ஆக்சிஜன் இருக்கும் வரை
பிறந்த சில நிமிடங்களில் சிதைக்கப்படும்.
காற்று குறைந்தால்தான் அதற்கு ஆயுள்.
உட்கருவுக்குள் புகுந்து கத்தும்:
குழாய் வெட்டு,
சர்க்கரையைப் புளிக்கவை,
ஆள் அனுப்பு.

ஆள் வருகிறது.
வந்த படை
இருந்த கொஞ்சக் காற்றையும் குடித்துவிடுகிறது.
மறுபடி மூச்சு முட்டல். மறுபடி கத்தல்.
நடுவில் குருத்தெலும்பு அரைபடுகிறது.

அப்படியானால் எதிரி யார் என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.

ரெக்னிட்ஸ் பாலத்தில் தூறல்.
மணியடித்து மணியடித்து
என்னைக் கடந்து போகிறார்கள்.
கையுறைக்குள் கணு கொதிக்கிறது.

எவ்வளவு நாளாய்
உதவி கேட்டுக் கத்துகிறாய், கையே,
உதவி
வந்து சேர்ந்த பிறகும்.