கோசோங்

புதுக் கம்ப்யூட்டர் இரண்டு டிஸ்க்கையும்
யார் என்றுகூடக் கேட்கவில்லை.
"காலி. ஃபார்மட் செய்யவா?" என்கிறது.
வேண்டாம், வேண்டாம்,
இதோடு பத்தொன்பது முறை.

இம்பியில் மூன்றாம் மாடிக் கடை.
பாஸ்வர்டை மறந்தவர்கள்தாம் இங்கே வருவார்கள்
என்றான் ஹாஃபிசுதீன்.
நான் மறக்கவில்லை.
பூட்டுச் செய்த கம்பெனிதான்
ஊரிலேயே இல்லை.

மேசைக்கடியில் குனிந்து
விசிறி இரையும் பழம்பெட்டியொன்றை இழுத்தான்.
அதன் காலண்டர் இரண்டாயிரத்துப் பதினொன்றில் நிற்கிறது;
இணையம் கிடையாது.
கறுப்பு டிஸ்க்கைச் செருகியதும்
அடையாளம் கண்டு, கேட்டது.

"பாஸ்வர்ட், அங்கிள்?"

பின்னால் வரிசையில் நாலு பேர்.
ஒருத்தி கையில் ஐஸ் மைலோ.
பதினொரு வருஷமாக நான்
வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

எம், பெரிய எழுத்து.
ஏ. என்.
"ஓ?"
ஓ இல்லை. கோசோங்.
என். எம். ஏ. என். ஐ.

மனோன்மணி
அவனுக்கு ஒன்பது தட்டல்.

திறந்தது.
படங்களை நான் பார்க்கவில்லை,
எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன்.

நீல உறை போட்டதை எடுத்து
இதற்கு? என்றான்.

"அதுக்கும் அவதான்" என்றேன்,
தமிழில்.
புரியாமல்
விரல்களைத் தூக்கியபடி
காத்திருந்தான்.