பல்லால் கேட்டது

மைனஸ் முப்பத்திரண்டு.
மூச்சிழுத்தால் மூக்குக்குள் மயிர் முறியும்.
சல்லாவில் அது ஒரு செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான்.

வெய்க்கோ மூன்றாம் முறையாக வந்திருந்தான்.
"கத்துகிறது, சைமி. காலையில் மட்டும்.
கிளப்பிய முதல் நிமிஷம்."
எப்படிக் கத்துகிறது, செய்து காட்டு என்றேன்.
கம்பளிக் குல்லாயைக் கீழே இழுத்துக்கொண்டு
பட்டறையில் வேறு யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு
"வீஈஈ" என்றான், சன்னமாக,
தேவாலயத்துக்குக் கணக்கு எழுதுகிற மனிதன்.

குளிர்காலத்தில் ஊரே எனக்கு இப்படி நடித்துக் காட்டும்.
டக், டக், டக், அதற்குமேல் ஒன்றுமில்லை: பேட்டரி.
களகள: எண்ணெய் தேனாக இறுகி
வால்வு வரை இன்னும் ஏறவில்லை, பொறு.
திருப்பும்போது உர்ரென்று முனகினால் ஸ்டீயரிங் பம்ப்.
லொடலொட என்றால் துருப்பிடித்த ஒரு தகடு,
இரண்டு யூரோ கிளாம்ப், ஒரு காபி.
போன வருஷம் தபால்காரிக்கு சரசர.
ஹீட்டர் விசிறிக்குள் எலி, குடும்பத்தோடு,
மெத்தைக்கு அவளுடைய பார்க்கிங் அபராதச் சீட்டுகள்.

என் பட்டறை கதகதப்பானது. அதுதான் தொல்லை.
உள்ளே வந்த வண்டி எதுவும் உண்மையைச் சொல்வதில்லை.
வெய்க்கோவுக்கு இரண்டு முறை
"ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.
இரண்டு முறையும் பணம் வாங்கவில்லை,
அதில் கொஞ்சம் பெருமைகூட எனக்கு.

இந்த முறை வெளியிலேயே நிறுத்தச் சொன்னேன்.
எஞ்சினைச் சூடாக்கும் வயரையும் செருகவில்லை.
இரவெல்லாம் விறைத்துக் கிடந்தது.

காலை ஏழரை, இன்னும் கும்மிருட்டு.
அவன் சாவியைத் திருப்பினான்.
நெற்றி விளக்கோடு பானெட்டுக்குள் தலை நீட்டி நின்றேன்.
எஞ்சின் இருமியது. தயங்கியது. பிடித்துக்கொண்டது.
கொஞ்சம் களகள, பிறகு அதுவும் அடங்கியது.
சுத்தம்.
"ஒன்றுமில்லை" என்று சொல்லத் திரும்பினேன்.

பின்சீட்டில் அவன் மகள் கியெலோ, ஆறு வயது,
இரண்டு கையுறைகளாலும்
காதை அழுத்திப் பொத்தியிருந்தாள்,
கண்ணும் இறுக மூடி.
வெய்க்கோ முகத்தைச் சுளித்துக்கொண்டு
என்னையே பார்த்தான்:
இதோ, இப்போது.

போன அக்டோபரில்
பட்டறைக்குப் பின்னால் ரோவன் மரத்தில்
கொண்டை வைத்த பறவைகள் நூறு வந்து இறங்கின.
ஒரு சத்தமில்லாமல் சிவப்புப் பழங்களைத் தின்றுவிட்டுப் போயின.
இந்த வருஷப் பறவைகளுக்கு நல்ல வளர்ப்பு
என்று நினைத்துக்கொண்டேன்.

நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன், மரப்பிடி போட்டது.
முனையை ஆல்டர்னேட்டர் மேல் ஊன்றி
பிடியைப் பல்லால் கடித்தேன்.
மழமழவென்று ஓடியது, அது இல்லை.
தண்ணீர் பம்ப், அதுவும் இல்லை.
பெல்ட் சுற்றிப் போகிற சின்ன உருளையின் போல்ட்டில் வைத்ததும்
தாடைக்குள்
யாரோ மணலை மென்றார்கள். நறநறவென்று,
கடைவாய்ப்பல்லின் வேர் வரைக்கும்.

அப்படியே கடித்தபடி நின்றேன்.
மணல் மெல்லக் குறைந்தது, மாவானது, நின்றது.
நிமிர்ந்தால், கியெலோவின் கைகள்
மடிக்கு இறங்கியிருந்தன.

பேரிங்கில் கிரீஸ் காய்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை.
முப்பத்தெட்டு யூரோ. பத்து மணிக்குள் மாற்றிவிட்டேன்.
சரியாகிவிட்டதா என்று நாளை காலை
கியெலோதான் சொல்ல வேண்டும்.

பழைய ரசீதுகள் இரண்டையும் வாங்கி
"ஒன்றுமில்லை" என்பதை அடித்தேன்.
"எனக்குக் கேட்கவில்லை" என்று எழுதி
தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

வெய்க்கோ படித்தான்.
நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.
ஏதோ சொன்னான், வாய் அசைந்தது,
காபி இன்னும் இருக்கிறதா என்றிருக்கும்.
ஊற்றினேன்.