இருப்புக் கணக்கு

ஏறாவூர் தாண்டி இரண்டு மைல்.
பெயர்ப்பலகையில் மூன்று மொழி,
மூன்றிலும் ஒவ்வோர் எழுத்து உதிர்ந்திருக்கும்.
உதயதேவி இங்கே நிற்பதில்லை,
நிற்கப்போவதுபோல் மூச்சை இழுத்துக்கொண்டு போகும்.

கோச்சி மறுபடி ஓடத் தொடங்கிய வருசம்
கொழும்பிலிருந்து பரிசோதகர் வந்தார்,
கையில் எண்பத்தொன்பதாம் ஆண்டின் பொருட்பட்டியல்:
வாங்கு ஒன்று. மணி ஒன்று. தராசு ஒன்று.
சிலிப்பர் கட்டை, மேலதிகம், நாற்பது.
மிஞ்சியிருந்தது ஒரு சுவரும்
அதில் டிக்கெட் கொடுக்கும் ஓட்டையும்.
ஓட்டை பட்டியலில் இல்லை.

எனக்குச் சிங்களம் தெரியும்.
அதனால் ஊரிடம் திருப்பிக் கேட்கும் வேலை
என் தலையில்.

தராசு மீராலெவ்வையின் அரிசி மில்லில்.
"எழுபத்தெட்டுச் சூறாவளியில கூரை பறந்த அண்டைக்கே
இது அஞ்சு றாத்தல் பொய் சொல்லப் பழகிட்டு.
இதால நிறுத்த கசுக்கொட்டை மூட்டைக்கெல்லாம்
கூட வாங்கின கூலிய றெயில்வே முதல்ல தரட்டும்."
"தராசு பழுதாம்" என்று மட்டும் சொன்னேன்.

மணி பள்ளிக்கூடத்தில்.
நாக்குத் தொலைந்து, கம்பியால் அடிக்கிறார்கள்.
மூன்றாம் பாடம் முடியும்வரை வேம்பின் கீழ் நின்றார்.
அடித்தது.
"அந்த மணியின் சத்தம் இதுவல்ல" என்று
கோடு போட்டார்.

கட்டைகளில் பதினொன்று முகாமின் பங்கருக்கு,
எத்தனையோ மற்றவர்களின் பங்கருக்கு,
நான்கு, வாய்க்காலுக்கு மேல் பாலமாக.
ஒன்று நேசமலரின் வீட்டு வாசலுக்கு மேலே.
"மழைக்கு இன்னும் தார் மணக்கும்" என்றாள்.
"என்ட தம்பி தோளில சுமந்து வந்தவன்.
தூக்கி வச்சிட்டுத் தண்ணி குடிச்சவன்.
பிறகு இந்த வாசலால அவன் வரல்ல."

"என்ன சொல்கிறார்?"
"பாலை மரமாம். காட்டில் வெட்டினதாம்."

அவர் அண்ணாந்து பார்த்தார்.
ஆணி அறைந்த நான்கு துளைகள்,
தண்டவாளம் அழுத்திய தழும்பு.
பேனையை உதறி,
பாலை, என்று எழுதினார்.

வாங்கை மட்டும் ஒருவரும் கேட்காமலே
சலூன்காரன் ஞானசேகரம் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான்.
பதின்மூன்று வருசம் கண்ணாடியைப் பார்த்திருந்த வாங்கு.
புதுச் சீமெந்தில் துளையை மாற்றிப் போட்டுவிட்டார்கள்,
தண்டவாளத்துக்கு முதுகு, தெருவுக்கு முகம்.
திருத்தும்படி மூன்று கடிதம் எழுதினேன்.
மூன்றும் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது.

இப்போதும் அப்படித்தான்.
பால்கானோடு வந்தவர்கள், கிளினிக் கொப்பியோடு வந்தவர்கள்
தெருவில் போகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பார்கள்.
கோச்சி வருவது
பலகை வழியாகத் தொடையில் தெரியும்.
கதையை முடித்துவிட்டுத்தான் எழும்புவார்கள்.