வாயில்

கேள்வி கேட்டவன் நான்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேவிபட்டினத்தில், கடலுக்குள் நிற்கும்
ஒன்பது கல்லுக்குப் பக்கத்தில்
வேல்மயில் முங்கிக்கொண்டிருந்தான்.
நான் படியில், ஐந்தாம் வகுப்பு அறிவியலை
நனையாமல் மடியில் வைத்திருந்தேன்.
திங்கட்கிழமை பரீட்சை.
அவன் புத்தகத்தைப் போன மழை தின்றுவிட்டது.

"காந்தத்தில் ஒட்டுவது?"
"ஒத்த ரூவா, ரெண்டு ரூவா."
"ஒட்டாதது?"
"மஞ்ச அஞ்சு. அதுக்குத்தானடா முங்குறேன்."
புத்தகத்தில் இரும்பாணி, மரக்கட்டை, அழிப்பான் என்றிருந்தது.
சரி என்று டிக் போட்டேன்.
கயிற்றில் கட்டிய ஸ்பீக்கர் காந்தம் அன்றைக்கு
இரண்டு ரூபாயும் ஒரு கொண்டை ஊசியும் பிடித்திருந்தது.

தோஷம் கழிக்க வந்தவர்கள்
ஒன்பது தானியத்தைத் தண்ணீரில் விட்டார்கள்.
பச்சைப்பயறு அமிழ்ந்தது. பொடிமீன்கள் வந்தன.
"பயறு உயிருள்ளதா?"
வேல்மயில் மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தான்.
"மண்ணுல போட்டா உயிரு.
மீனு தின்னா சோறு.
உப்புத் தண்ணியில சும்மா கெடந்தா..."
எனக்கும் தெரியவில்லை.
கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு
அடுத்ததற்குப் போனேன்.

அடுத்ததுதான்.

அவன் மேலே வந்தான். கன்னம் புடைத்திருந்தது.
கால்சட்டைப் பை கிழிந்தவன்
காசை வேறெங்கே வைப்பான்?
"செரிமானம் எங்கே தொடங்குகிறது?"
தெரிந்த கேள்வி.
"வாயில்" என்றான்.
ஐந்து ரூபாய் உள்ளே போயிற்று.

"யாரு சனி தொலையணும்னு போட்ட காசோ,
எம்புள்ள வயித்துல வந்து உக்காந்துருச்சே!
ஏண்டா மீரான், இவன்கிட்டப் போயி
கேள்வி கேட்டே?"

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள்.
விலா எலும்பெல்லாம் புகை. கீழே
ஒரு முழுநிலா.
தலையா பூவா தெரியவில்லை.
"தானா வந்துரும், பழம் குடுங்க" என்று
அடுத்த ஆளைக் கூப்பிட்டார் டாக்டர்.

ஞாயிறு முழுக்கப் படித்தோம்.
உணவுக்குழாய். இரைப்பை. சிறுகுடல்.
பாட்டனார் பெயர்கூட அவன் இப்படி மனப்பாடம் செய்ததில்லை.
"இப்ப எங்க இருக்கு?" என்பேன்.
வள்ளத்தின் அடிப்பலகையைத் தட்டுவதுபோல
வயிற்றைத் தட்டிப் பார்த்து
"வளைவுல" என்பான்.
மத்திக் குழம்பும் ஆறு வாழைப்பழமும் உள்ளே போயின.
மீன் அவனாகிவிடும், பழம் அவனாகிவிடும்,
காசு மட்டும் காசாகவே வரும்
என்று நான் படித்துச் சொன்னபோது
கொஞ்சம் பெருமைகூட இருந்தது அவன் முகத்தில்.

திங்கள். நான்காவது கேள்வி:
செரிக்காத பொருள் என்னவாகிறது?
வேல்மயில் எழுதவில்லை. ஒரு விரலைத் தூக்கினான்.
"டீச்சர், ஒண்ணுக்கு."
பொய்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
உடைமரங்களுக்குப் பின்னால் போகிறான்,
கையில் ஒரு குச்சி.
திரும்பி வந்தவன் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்து
ஒரே மூச்சில் அரைப்பக்கம் எழுதினான்.
நான் இரண்டு வரிதான் எழுதியிருந்தேன்.

சாயங்காலம் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினோம்.
கரையவில்லை, வளையவில்லை,
ஓரம் மட்டும் கறுத்திருந்தது.
கடலிலேயே போட்டுவிடு என்றேன்.
"நாளைக்கு நாந்தானடா திரும்ப முங்கணும்?"

சேமியா ஐஸ்காரர் சைக்கிளை நிறுத்தினார்.
ஒரு கையில் பெட்டி மூடி,
மறு கையில் எங்கள் ஐஸ்.
காசை வைக்க இடமில்லாமல்
உதட்டில் கவ்விக்கொண்டார்.

"என்னங்கடா அப்பிடிப் பாக்குறீங்க?" என்று
கேட்க வந்தவர்போலத் தெரிந்தது.

கேட்டுவிடக் கூடாதே என்று
இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.