வால் கணக்கு

வாலுக்குப் பத்துச் சில்லிங்.
கோட்டைக் கந்தோரில் நான்தான் எண்ணினேன்.
உப்பிட்ட சாக்கு, மாட்டு வண்டி, பதினொரு நாள் பயணம்;
அவிழ்த்ததும் பக்கத்து மேசைப் பறங்கி ஜான்ஸ்
லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு
கடற்கரைப் பக்கம் ஓடிவிடுவார்.
நான் ஓட முடியாது.
நுனி மயிர் இரு பக்கமும் இருக்கிறதா,
ஒரே வாலை இரண்டாய் நறுக்கியிருக்கிறார்களா,
பார்க்க வேண்டும்.
பார்த்தேன்.

மேஜர் பிளைத் ஒருமுறை தானே வந்தார்.
சேற்றுச் சப்பாத்து, காய்ச்சல் கண்.
என் பெயர் அருளப்பு என்றேன்.
"அரபு" என்றார்,
காசை எண்ணாமல் பையில் போட்டார்.
ஏறாவூர்ப் பணிக்கன் உமறுலெவ்வை
இரண்டு துவக்கையும் சுமந்தபடி
வாசற்படிக்கு வெளியே நின்றான்.
பதினேழு வால் அவனுடைய தனிக் கணக்கு.
ஒப்பமிடத் தெரியாது;
பேனையை ஈட்டி போலப் பிடித்து
ஒரு புள்ளடி போட்டான்.
கடைசி வால் கட்டை, நுனி பிளந்தது.
"இது மின்னேரியாக் கொலையன்" என்றான்.
"துரை மரத்தில் இருந்தார்."
அவ்வளவுதான் சொன்னான்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து
லண்டனில் அச்சான புத்தகம் ஒன்று
கோட்டைக் கடைக் கண்ணாடிக்குள் வந்து நின்றது.
அரை மாத பென்ஷன் கொடுத்து வாங்கினேன்.
நூற்று முப்பத்தொரு யானைகள்.
என் பேரேட்டில் அவருக்கு எண்பத்தாறு.
கொலையனுக்கு ஒரு முழு அத்தியாயம்:
பத்தடி தூரம், ஒற்றை வேட்டு,
முழங்காலிட்டுச் சுட்டாராம் மேஜர்.
பக்கத்தில் ஒரு மரமும் இல்லை.
படம் வரைந்தவன் நம் யானையைக் கண்டதில்லைப் போலும்:
முறம் போல ஆபிரிக்கக் காது,
இல்லாத தந்தம்,
நல்ல நீள வால்.
உமறுலெவ்வையைத் தேடினேன், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஓரிடத்தில் "என் ஆள்" வருகிறான்,
கோப்பி ஊற்றிக் கொடுக்கிறான்.
நானும் இருக்கிறேன்:
மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய
கறுத்தக் கிளாக்கர்.

மாசியில் அவரே வந்தார், சேர் பட்டத்தோடு.
காலிமுகத்து ஹோட்டலில் கூட்டம்.
அந்த ஒற்றை வேட்டுக்கு
சீமாட்டிகளின் விசிறிகள் நின்றன;
பிறகு கைதட்டல், அலைச் சத்தமே கேட்கவில்லை.

கறுப்புக் கோட்டோடு வரிசையில் நின்றேன்.
புத்தகத்தை நீட்டினேன்.
"பெயர்?"
சொல்ல வந்தது வேறு.
"உமறுலெவ்வை" என்றேன்.
பேனை நின்றது.
அவர் கண் வாசற்படிக்கு வெளியே
போய்த் திரும்பியது,
அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியது.
"எழுத்துக்கூட்டிச் சொல்" என்றார்.

சொன்னேன்,
ஒவ்வொன்றாய்,
சாக்கிலிருந்து எடுத்து வைக்கிற மாதிரி.