பின்வாசல் அலமாரி

நவம்பர் மூன்று. கல்லறைத் தோட்டத்தின் பின்வாசலில்
நான்கு தொட்டிகள் வாய் பிளந்து நிற்கின்றன.
சிவப்புக் கண்ணாடி, பொன்நிறப் பிளாஸ்டிக் மூடி,
ஒரே இரவு எரிந்த மெழுகின் அடிவண்டல்,
உறைபனியில் கறுத்த செவ்வந்தி, சட்டியோடு.
இறந்தவர்கள் இவ்வளவு குப்பை போடுவார்களா
என்கிறான் லுத்ஸ்யான்.
என் கணவனுக்கு இப்படித்தான் கேட்க வரும்.

அக்டோபர் முழுக்க எங்கள் வீட்டு வாளியை
மீன் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டேன்.
முதல் வாரம் ஆறு கிலோ.
வெட்கமாக இருந்தது,
யாரும் பார்க்கவில்லை என்றாலும்.

சாண்டொமியெஷில் இலையுதிர்காலம் என்றால்
ஆப்பிள், ஆப்பிள், மேலும் ஆப்பிள்.
அடிபட்டதைக் கூழாக்கினேன்,
தோலையும் நடுத்தண்டையும் காடிக்கு ஊறவைத்தேன்.
வீடு மூன்று வாரம் புளித்து நாறியது.
பள்ளிக்கூடத்தில் செதுக்கிய பூசணியை இகா கொண்டுவந்தாள்.
உள்சதை சூப்பானது, விதை வறுபட்டது,
முகத்தைப் பக்கத்து வீட்டு ஆடு வாங்கிக்கொண்டது.
கடைசிக் கடி வரைக்கும்
அது சிரித்துக்கொண்டே இருந்ததாம்.
வாதுமை இலைகளைப் பையில் திணிக்காமல்
வேலியோரம் குவித்துவிட்டேன்.
இப்போது அதற்குள் ஏதோ குறட்டை விடுகிறது.
முள்ளெலியாக இருக்கலாம். கிளறிப் பார்க்கவில்லை.

நான்காம் வாரம் இரண்டே கால் கிலோ.

அந்தப் பெருமையில் நான் மிதந்துகொண்டிருந்தபோதுதான்
நாத்தனார் தெக்ளா வந்து இறங்கினாள்,
காரின் பின்னால்
பன்னிரண்டு புது விளக்குகளோடு.
ஒன்றுக்குப் பேட்டரி. அது பாடும்.

பின்வாசலில் ஓர் அலமாரி இருக்கிறது என்றேன்,
எரிந்து முடிந்ததை வைக்கலாம், வேண்டியதை எடுக்கலாம்,
கழுவி, புதுத் திரி போட்டு, மெழுகு ஊற்றினால் போதும்.
"அப்பாவுக்கு எச்சில் விளக்கா?"
அவள் கேட்டது ஒரே கேள்வி.
சூப் ஆறும்வரை ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை.

மாமனார் சிக்கனக்காரர் என்று சொல்லித் தப்பிக்க
எனக்கு வழியில்லை.
பாதி சிகரெட்டை நசுக்கிவிட்டு
அடுத்ததைப் பற்றவைத்த மனிதர்.
குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து
அடுப்பை எரியவிடுவார்.
பன்னிரண்டு என்ன, இருபது கேட்டிருப்பார்,
பாடுவதை முதலில் கேட்டிருப்பார்.

ஒன்றாம் தேதி இரவு எல்லாம் எரிந்தன.
குன்று முழுக்கச் செம்மை.
அழகாயிருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
ஓரமாக நான் வைத்தது ஒன்று,
அலமாரியிலிருந்து எடுத்து வந்த பச்சை விளக்கு.
பழைய மெழுகு பெயர்ந்து வர
ஓர் இரவு அதை உறைபெட்டியில் வைத்திருந்தேன்,
பட்டாணிக்கும் நெத்திலிக்கும் நடுவில்.
விளிம்பில் பல் போன இடம்போல் ஓர் உடைசல்.
தெக்ளா அதன்பக்கம் திரும்பவே இல்லை.

இன்று அள்ளிப் போக வந்திருக்கிறோம்.
தெக்ளாவின் கைகள் வேகமாகத்தான் தொட்டிக்குப் போகின்றன,
ஒன்று, இரண்டு, மூன்று,
பச்சை விளக்கை எடுத்தவள்
சாம்பல் தட்ட அதைக் கவிழ்த்தாள்.

அடியில் ஒரு நட்சத்திரம்.
சிவப்பு நகப்பூச்சில், ஐந்து முனையும் கோணலாக.
யாரும் திருடாமலிருக்க
ஒவ்வோர் ஆண்டும் அவள் போடும் அடையாளம்.
போன நவம்பரில்
இதே தொட்டியில் அவளே எறிந்தது.
யாரோ குனிந்து எடுத்திருக்கிறார்கள்,
யாரோ துடைத்திருக்கிறார்கள்,
இடையில் எந்த அந்நியனின் பெயருக்கு முன்னால்
எத்தனை இரவு நின்றதோ.

என்னமாவது சொல்வாள் என்று பார்த்தேன்.
"இதன் மூடி எங்கே?" என்றாள்,
நான் தொலைத்துவிட்டதுபோல.

பிறகு தொட்டிக்குள் கையை விட்டு
தான் போட்ட மூன்றையும் வெளியே எடுத்தாள்.
பாடும் விளக்கு மட்டும் உள்ளேயே கிடக்கட்டும் என்றாள்.
நாங்கள் திரும்பி நடக்கையில்
அது இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டைக் குறைக்க நினைத்தேன்,
பதின்மூன்றாகிவிட்டது இந்த ஆண்டு.
தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்,
செவ்வாய்க்கிழமை வரைக்கும்.